நாற்பத்தொரு மனுக்கள்

கல்லூரியின் பொது நிர்வாகத் துறையில் ஐந்து பேர் பாடம் எடுத்தார்கள். நால்வருக்குப் பணியாளர் நிர்வாகம், வரவு செலவுத் திட்டம், ஒப்பீட்டு ஆட்சிமுறை என்று பெரிய பெரிய பாடங்கள். ஐந்தாமவருக்கு ஒன்பது வருடங்களாக ஒரே பாடம்தான்: பொது நிர்வாகம், ஓர் அறிமுகம். நிர்வாகம் என்றால் என்ன என்று ஒரு கூட்டத்துக்குச் சொல்லி முடிப்பதற்குள் வருடம் ஓடிவிடும். அடுத்த வருடம் வேறு முகங்கள், மறுபடியும் நிர்வாகம் என்றால் என்ன. பிள்ளைகள் அவருக்கு ‘அலகு ஒன்று’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. சிரித்துக்கொள்வார். வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்லும்போது மட்டும் சிரிப்பு வராது.

இந்த வாத்தியார் நல்லவர். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கெட்டவன் செய்யும் கெடுதலை நாலு பேர் சேர்ந்து எப்படியாவது சரிக்கட்டிவிடலாம். நல்லவன் அக்கறையோடு உட்கார்ந்து, வடிவம் பிசகாமல் செய்து வைக்கிறானே, அதைத்தான் ஒன்றும் செய்ய முடிவதில்லை.

துறையில் உதவியாளராக ஓர் அம்மா இருந்தார். வகுப்பறைகளைத் திறப்பது, வருகைப் பதிவேட்டைக் கொண்டு வைப்பது, நகல் எடுத்துக் கொடுப்பது, துறைத் தலைவர் தொலைக்கும் கண்ணாடியைத் தினமும் கண்டுபிடித்துத் தருவது எல்லாம் அவர் வேலை. அவரைவிடப் பத்து வயது மூத்த துறைத் தலைவர் உட்பட எல்லோருக்கும் அவர் ‘அக்கா’தான். மதியம் வேலை ஓய்ந்த நேரத்தில் கதவோர நாற்காலியில் உட்கார்ந்து அறிமுகப் பாடத்தைக் கேட்பார். ஒன்பது வருடம் கேட்டால் சுவருக்கே மனப்பாடம் ஆகிவிடும், அக்காவுக்கு ஆகாதா? அதிகாரப் படிநிலை என்று வாத்தியார் ஆரம்பித்தால், அடுத்து அவர் சொல்லப்போகும் ஏணி உதாரணம் வருவதற்கு முன்பே அக்கா கொட்டாவி விட்டுவிடுவார்.

அக்காவின் கணவர் டவுன் பஸ் ஓட்டியவர். இருபத்திரண்டு வருடம் ஓட்டி, ஒரு கீறல் இல்லாமல் இருந்தவர். ஒரு நாள் காலையில், தப்பான பக்கத்தில் வந்த லாரிக்காரன் அவர் முதுகெலும்பை நொறுக்கிவிட்டுப் போனான். இடுப்புக்குக் கீழே அவருக்கு இப்போது ஒன்றும் இல்லை. கிள்ளினாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது. அரசுக் குடியிருப்பில் மூன்றாவது மாடி வீடு. லிஃப்ட் கிடையாது. ஐந்து வருடத்தில் நாலு தடவை கீழே இறங்கியிருக்கிறார், நாலும் ஆஸ்பத்திரிக்கு. பக்கத்து வீட்டுப் பிளம்பரும் வேறு மூன்று பேரும் பிளாஸ்டிக் நாற்காலியில் அவரைக் கட்டி, படிப்படியாகத் தூக்கிப் போவார்கள். நாலாவது தடவை இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஒருவர் கை நழுவிவிட்டது. யாரும் விழவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஓட்டுநர், “இனிமே எனக்கு எது வந்தாலும் இங்கயே பாத்துக்கலாம்” என்று சொல்லிவிட்டார்.

தரைத்தளத்தில் ஒரு வீடு கேட்டு அக்கா மனு கொடுத்து நாலரை வருடம். வீட்டு வசதி அலுவலகத்தில் இதற்கென்று ஒரு வரிசை உண்டு. மனு பதிவான தேதிதான் அதில் எல்லாம். முன்னால் கொடுத்தவர் முன்னால், பின்னால் கொடுத்தவர் பின்னால், சிபாரிசு செல்லாது. பதினாறாவது இடத்தில் ஆரம்பித்தது. வருடத்துக்கு மூன்று வீடு, நாலு வீடு என்று காலியாகி, காலியாகி, அந்த வருடம் பரீட்சைக்கு முன்னால் அக்கா முதலிடத்துக்கு வந்துவிட்டார். பின்பக்கக் கட்டடத்தில் நாலாம் எண் வீட்டைக் காலி செய்து வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். அது அவர்களுக்குத்தான். உத்தரவு மட்டும் வரவில்லை. ஒரு மாதம் ஆயிற்று, ஐந்து வாரம் ஆயிற்று.

இதை அக்கா வாத்தியாரிடம் குறையாகச் சொல்லவில்லை. “வீடு வந்தா உங்களைத்தான் சார் முதல்ல கூப்பிடுவேன்” என்று சந்தோஷமாகத்தான் சொன்னார். வாத்தியாருக்குத்தான் பொறுக்கவில்லை.

“அஞ்சு வாரமா ஒரு உத்தரவு அடிக்கறாங்களா? என்னக்கா இது?”

“வரும் சார். ஆக்கப் பொறுத்தாச்சு, ஆறப் பொறுக்க மாட்டோமா?”

“அப்படிப் பொறுமையா இருக்கறவங்க கோப்புதான் அடியில கிடக்கும். கேக்கறவங்களுக்குத்தான் பதில் வரும். நம்ம பாடத்துலயே இருக்கே, ‘குடிமக்களும் நிர்வாகமும்’. நம்ம பசங்களை விட்டு எழுத வைக்கறேன். செய்முறைக்கு இருபது மார்க் இருக்கு. வருஷா வருஷம் கற்பனையா ஒரு மனு எழுத வெச்சு, திருத்தி, பழைய பேப்பர்க்காரனுக்குப் போடறேன். இந்தத் தடவை ஒரு நிஜ வீட்டுக்கு எழுதட்டும்.”

“எதுக்கு சார்? வரிசை அது பாட்டுக்கு நகர்ந்துக்கிட்டுத்தானே இருக்கு.”

“ஒண்ணும் ஆகாது. நான் பாத்துக்கறேன்.”

ஒன்பது வருடமாக ஏணி உதாரணம் சொல்லிக்கொண்டிருந்த மனிதர். தன் பாடத்தால் ஒரே ஒரு ஆள் ஒரே ஒரு மாடியாவது இறங்கினால் போதும் என்று அவருக்கு ஆசை வந்துவிட்டது. ஆசை வந்தவர் கண்ணுக்கு அக்காவின் முகத்தில் இருந்த தயக்கம் தெரியவில்லை. தெரிந்தாலும் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டிருப்பார்.

அன்று மதியமே பலகையில் மனுவின் வடிவத்தை எழுதிப் போட்டார். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை. ‘பார்வை’ என்ற இடத்துக்குக் கீழே இரண்டு கோடு இழுத்தார். “பழைய மனுவோட எண்ணும் தேதியும் இங்க வரணும். இது இல்லாத மனு தலையில்லாத உடம்பு. கவுண்டர்ல இருக்கறவங்களுக்கு எதைப் பத்திப் பேசறோம்னே தெரியாது. எண் போடலைன்னா ரெண்டு மார்க் போச்சு.”

முதல் வரிசையில் இருந்த பெண் கை தூக்கினாள். “சார், நாப்பது பேரும் ஒரே விஷயத்தை எழுதினா அவங்களுக்குக் கோபம் வராதா?”

“வரட்டுமே. கோபம் வந்தா கவனிச்சிட்டாங்கன்னு அர்த்தம்.”

வகுப்பு சிரித்தது. கதவோரத்தில் அக்காவும் சிரித்தார்.

பிள்ளைகள் மனசு வைத்துத்தான் எழுதினார்கள். ஒருத்தி ஓட்டுநரின் இருபத்திரண்டு வருட சேவையை இரண்டு பக்கத்துக்கு நீட்டியிருந்தாள். ஒருவன் ‘அன்னார் நாளது தேதி வரை மாடியிலேயே வாசம் செய்து வருகிறார்’ என்று எங்கிருந்தோ பழைய பாஷை பிடித்துவந்திருந்தான். இன்னொருவன் அவசரத்தில் ‘காலஞ்சென்ற ஓட்டுநருக்கு’ வீடு கேட்டிருந்தான்; வாத்தியார் காதைத் திருகாத குறையாகத் திருத்தச் சொன்னார். நாற்பது பேரில் முப்பத்தொன்பது பேர் எண்ணைச் சரியாகப் போட்டார்கள். கடைசி பெஞ்சில் எப்போதும் தூங்கிவழியும் ஒருவன் மட்டும் மறந்துவிட்டான். அவனுக்கு இரண்டு மதிப்பெண் குறைந்தது. வாத்தியாரும் தன் பங்குக்கு ஒன்று எழுதினார். ஆக நாற்பத்தொன்று.

எல்லோருமாக வீட்டு வசதி அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நின்றார்கள். கவுண்டரில் இருந்த பெண் முதல் மனுவை வாங்கினாள், இரண்டாவதை வாங்கினாள், மூன்றாவதில் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு ஒவ்வொன்றுக்கும் முத்திரை குத்தி, எண் போட்டு, ரசீது கிழித்துக் கொடுத்தாள். முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. வெளியே வந்து பிள்ளைகள் ரசீதுகளை உயர்த்திப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். வாத்தியார் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அவர் முகத்தில் அவ்வளவு வெளிச்சத்தை அவர் மனைவிகூடப் பார்த்ததில்லை.

மனுக்களின் நகல்களை அக்கா கேட்டு வாங்கிக்கொண்டார். கணவர் படித்துப் பார்க்க ஆசைப்படுகிறாராம்.

பதினேழாவது நாள், வகுப்பு முடிந்து பிள்ளைகள் போன பிறகு, அக்கா ஒரு அட்டையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். “சார், இதைக் கொஞ்சம் பாருங்க. தபால்ல வந்துது. நூத்துப் பதினெட்டுன்னு போட்டிருக்கு. வீட்டு நம்பரா? நாலாம் நம்பருன்னுதானே சொன்னாங்க?”

வாத்தியார் படித்தார். ஒரே பொருள் குறித்து வரப்பெற்ற நாற்பது மனுக்களும் தங்களது முந்தைய மனுவும் ஒன்றாக இணைக்கப்பட்டு, கடைசியாக வரப்பெற்ற மனுவின் எண்ணிலும் தேதியிலும் பதியப்பட்டுள்ளன. தற்போதைய வரிசை இடம், நூற்றுப் பதினெட்டு.

இரண்டாம் தடவை படிக்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. அந்த விதி அவருடைய குறிப்பேட்டிலேயே இருந்தது. கோப்புப் பராமரிப்பு, ஏழாவது பக்கம். ஒரே பொருள் மனுக்களைப் புதிய எண்ணின் கீழ் இணைத்தால் வேலை இரட்டிக்காது. ஒரே ஆள் பத்து மனு போட்டுப் பத்து இடம் பிடிக்க முடியாது. நல்ல விதி என்று ஒன்பது வருடமாகப் பாராட்டியிருக்கிறார். ‘இணைப்பதன் நன்மைகள் இரண்டு கூறுக’ என்று இரண்டு மதிப்பெண் கேள்வியாகவும் கேட்டிருக்கிறார். அந்த விதியால் ஒரு மனிதன் வரிசையின் வாலுக்குப் போகலாம் என்று எந்தப் பிள்ளையும் விடைத்தாளில் எழுதியதில்லை, அவரும் நினைத்ததில்லை. கடைசி பெஞ்சுக்காரனின் தலையில்லாத மனு மட்டும் எதோடும் சேராமல் குப்பைக்குப் போயிருந்தது. மற்ற முப்பத்தொன்பது பேரும் வாத்தியாரும் அவனைப்போலத் தூங்கியிருந்தால் அக்கா இந்நேரம் வீட்டில் சாமான் கட்டிக்கொண்டிருப்பார்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. இங்கே ஊதியது ஒருவர் அல்ல, நாற்பத்தொரு பேர்.

“வீட்டு நம்பர் இல்லக்கா” என்று ஆரம்பித்து அவர் எல்லாவற்றையும் சொன்னார். மறைக்கவில்லை, அதுவரைக்கும் நேர்மைதான். அக்கா நின்றபடியே கேட்டார். முடிந்ததும் அட்டையை எடுத்துக் கைப்பையில் வைத்து மூடினார். “நூத்துப் பதினேழு பேருக்கு அப்புறமா சார்?” என்று மட்டும் கேட்டார். பிறகு பலகையை அழித்தார். அவர் வேலை அது.

மறுநாளே வாத்தியார் வீட்டு வசதி அலுவலகத்துக்கு ஓடினார். பிரிவு அலுவலர் அறைக்குள் நுழைந்தவரைப் பார்த்ததும் நாற்காலியில் இருந்தவர் எழுந்து நின்றுவிட்டார். ஆறு வருடத்துக்கு முன்னால் இதே அறிமுகப் பாடத்தில் முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளை.

“வாங்க சார், உக்காருங்க! நீங்க வருவீங்கன்னு நெனச்சேன். மனுக்களைப் பாத்ததுமே நம்ம சார் வடிவம்னு கண்டுபிடிச்சிட்டேன். ‘பார்வை’க்குக் கீழ ரெண்டு கோடு.”

வாத்தியாருக்கு உயிர் திரும்பி வந்தது. நம்ம பிள்ளை இருக்கும்போது என்ன பயம்? விஷயத்தைச் சொன்னார். பிரிவு அலுவலர் கோப்பை வரவழைத்து, பக்கம் பக்கமாகப் புரட்டினார். பெரிய கோப்பாகியிருந்தது. இருக்காதா பின்னே?

“கவுண்டர்ல தப்பே இல்ல சார். எண்ணு சரியா இருக்கு, தேதி சரியா இருக்கு. அவங்க இணைக்காம விட்டிருந்தாத்தான் நான் விளக்கம் கேட்டிருக்கணும். நீங்க குடுத்த அன்னிக்கு அவங்க உத்தரவு கையெழுத்துக்குப் போயிருந்துது. ரெண்டு நாள்ல வெளிய வந்திருக்கும். இணைப்பு விழுந்ததும் அதை ரத்து பண்ண வேண்டியதாப் போச்சு.”

“ரெண்டு நாளா?”

“ரெண்டு நாள் சார்.”

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். வாய்க்குள் போனதை விரலைவிட்டு எடுத்த மாதிரி இருந்தது வாத்தியாருக்கு.

“அது அவங்க குடுத்த மனுவே இல்லப்பா. பசங்க குடுத்தது. செய்முறைப் பாடம். பழைய தேதியை அவங்களுக்குத் திருப்பிக் குடுத்துடேன்.”

பிரிவு அலுவலர் தலை குனிந்துகொண்டார். வருத்தம் நிஜமாகவே முகத்தில் இருந்தது. “அவங்க வீட்டுக்காகத்தானே சார் குடுத்தீங்க. யார் குடுத்தாங்கங்கறது விதியில இல்ல, என்ன பொருள்ங்கறதுதான் இருக்கு. வீட்டையும் அப்பவே அடுத்த இடத்துல இருந்தவருக்கு ஒதுக்கியாச்சு. அவர் பொண்ணால நடக்க முடியாது, ஒன்பது வயசு. அதை எப்படி சார் நான் திருப்பி வாங்குவேன்? தெரிஞ்சவங்களுக்காக ஒரு தேதியை மாத்தினா, நாளைக்கு அமைச்சர் வீட்டுச் சமையல்காரனுக்கும் மாத்தணும். முகத்தைப் பாத்து விதி வளைஞ்சா அதுக்குப் பேரு நிர்வாகம் இல்ல, உறவுமுறைன்னு நீங்கதானே சார் சொல்லிக் குடுத்தீங்க.”

சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். அந்த வரிக்கு அவன் அன்றைக்குக் கை தட்டினான் என்பதுகூட நினைவு இருந்தது.

“சரி, மேல்முறையீடு எழுதறேன்.”

“வேண்டாம் சார்!” பிரிவு அலுவலர் பதறினார். “அதுவும் ஒரே பொருள்தான். வந்தா இதோட சேந்துடும். நடுவுல இன்னும் ஏழு பேர் குடுத்திருக்காங்க, நூத்து இருபத்தஞ்சுக்குப் போயிடுவாங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும், இனிமே யாரையும் எதையும் எழுத விடாதீங்க.”

வாசல் வரை வந்து வழியனுப்பினார் பிள்ளை. காலில் விழாத குறை. இதைவிட அவன் ஒரு அயோக்கியனாக, லஞ்சம் கேட்பவனாக இருந்திருக்கலாம் என்று வாத்தியாருக்குத் தோன்றியது. சண்டையாவது போட்டிருக்கலாம்.

வீட்டில் சொன்னாரா என்று அக்காவிடம் நாலு நாள் கழித்துக் கேட்டார். அக்கா இல்லை என்று தலையாட்டினார். “எனக்கு வாய் வரல சார். அவர் அந்த நாப்பத்தொரு கடுதாசியையும் தெனம் எடுத்துப் படிக்கறார். நீங்களே வந்து சொல்லுங்க. படிச்சவங்க சொன்னா மனசு ஏத்துக்கும்.”

நியாயம்தானே. ஞாயிற்றுக்கிழமை காலையில் வாத்தியார் கிளம்பிப் போனார். மூன்று மாடி. இரண்டாவது மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்கி நின்றபோது, சொல்ல வேண்டியதை இன்னொரு தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். தப்பு என்னுடையது, வீடு போய்விட்டது, மன்னித்துவிடுங்கள். மூன்றே விஷயம், நாற்பது நிமிட வகுப்புகூட வேண்டாம்.

ஓட்டுநர் ஜன்னலோரக் கட்டிலில் தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தோளும் கையும் இன்னும் பஸ் ஓட்டுபவருடையதாகவே இருந்தன. “வாங்க சார், வாங்க! பேர் பெத்த ஆளு!” என்று இரண்டு கையாலும் வாத்தியாரின் கையைப் பிடித்துக்கொண்டார், விடவில்லை. “இருபத்திரண்டு வருஷம் ஊரையே ஏத்தி இறக்கினேன். ஒருத்தன் வந்து எட்டிப் பாக்கல. முகம் தெரியாத நாப்பது புள்ளைங்க எனக்காக எழுதியிருக்கு. இதோ பாருங்க, என்னை ஒருத்தன் சாகடிச்சே வெச்சிருக்கான், அடிச்சுத் திருத்தியிருக்கு!” என்று சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு, தரைக்கு வந்ததும் என்னென்ன செய்யப் போகிறார் என்று சொன்னார். பெரிதாக ஒன்றும் இல்லை. வாசலில் நாற்காலி போட்டு உட்கார வேண்டும். போகிற வருகிற ஆளிடம் என்னப்பா சௌக்கியமா என்று கேட்க வேண்டும். மழை பெய்தால் காலை நீட்ட வேண்டும். தெரியாதுதான், இருந்தாலும் நனையட்டும்.

அக்கா சமையலறை வாசலில் வந்து நின்றிருந்தார்.

“எப்ப சார் சாவி குடுப்பாங்க? இவளைக் கேட்டா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கறா.”

“அடுத்த மாசம்” என்றார் வாத்தியார்.

எப்படி வந்தது அந்த வார்த்தை என்று அவருக்கே தெரியாது. ஓட்டுநர் விடுவாரா? “மாசத்துல எப்ப?” என்று பிடித்துக்கொண்டார். “ஒண்ணாம் தேதி” என்று சொல்லிவிட்டார் வாத்தியார்.

அக்கா படியிறங்கிக் கீழே வரைக்கும் கூடவே வந்தார். தரைக்கு வந்ததும் நின்றார். அவருக்குக் கோபம் வந்து வாத்தியார் பார்த்ததில்லை; இப்போதும் குரல் உயரவில்லை, ஆனால் வழியை விடவில்லை.

“நான் அவர்கிட்ட பொய் சொல்லல சார். சொல்லாமத்தான் இருந்தேன். அது வேற, இது வேற. நாலரை வருஷத்துல ஒரு ஆபீசுகூட அவருக்குத் தேதின்னு ஒண்ணு குடுத்ததில்ல. வரும், பாக்கலாம்னுதான் சொல்லியிருக்கு. அதனாலதான் அவரால தாங்க முடிஞ்சுது. நீங்க தேதி குடுத்துட்டீங்க.”

“அக்கா, நான்…”

“ஒண்ணாம் தேதி நீங்களே வந்து சொல்லணும். தபால்ல அனுப்பிடாதீங்க.”

அந்த மூன்று வாரம் வாத்தியார் பாடம் எடுத்தார் என்றுதான் பதிவேடு சொல்கிறது. பிள்ளைகள் வீடு வந்துவிட்டதா என்று கேட்டார்கள். “பரிசீலனையில் இருக்கு” என்றார். அக்கா கதவோர நாற்காலியில் உட்காருவதை நிறுத்திவிட்டார். பதிவேட்டை வைப்பார், போய்விடுவார். போகாமல் இருந்துவிடலாமா என்று வாத்தியார் நினைக்காமல் இல்லை. காய்ச்சல் வரலாம், தேர்வுப் பணி வரலாம், ஒன்றாம் தேதி இரண்டாகலாம், இரண்டு பத்தாகலாம். நினைத்தார் என்பதை ஒளிப்பானேன்? ஆனால் போனார். அந்த ஒரு காரியத்துக்கு அவருக்கு மதிப்பெண் கொடுக்கலாம்.

ஒன்றாம் தேதி மதியம். நாலாம் எண் வீட்டு வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. வாசலில் ஒரு சிறிய சக்கர நாற்காலி இருந்தது. அதில் இருந்த குழந்தை நடைபாதையில் போன பூனையைக் குனிந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தது. வாத்தியார் நின்று பார்த்தார். வயிறெரிய வேண்டிய இடத்தில் எரியக்கூட முடியவில்லை. பிறகு மூன்று மாடி ஏறினார்.

கதவு திறந்தே இருந்தது. உள்ளே கால் வைக்க இடம் இல்லை. பாத்திரங்கள் சாக்கில், துணிகள் போர்வையில், புத்தகங்களும் மருந்துப் பெட்டியும் அட்டைப் பெட்டியில். ஜன்னல் திரைகூடக் கழற்றப்பட்டிருந்தது. எல்லாவற்றையும் கயிறு போட்டு இறுக்கியிருந்தது. நடுவில், தரையில், சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, ஓட்டுநர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

“எவ்வளவோ சொன்னேன் சார்” என்றார் அக்கா. “கேக்கல. சார் தேதி சொல்லிட்டாருன்னு ரெண்டு நாளா தரையில தவழ்ந்து தவழ்ந்து இவரே கட்டினார்.”

“ஆளுங்க வந்தாச்சா சார்? பிளம்பர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன். நாலு மணிக்கு வருவான்.”

வாத்தியார் ஒரு மூட்டைக்கும் இன்னொரு மூட்டைக்கும் நடுவே நின்றபடியே சொன்னார். இந்தத் தடவை எதையும் விடவில்லை. ‘பார்வை’யையும், இணைப்பையும், இரண்டு நாளையும், நூற்றுப் பதினெட்டையும், தான் அன்றைக்குச் சொன்ன பொய்யையும் சொன்னார். சொல்லும்போது அவருக்கு அழுகை வந்தது. அடக்கவில்லை. அடக்கத் தெரியவும் இல்லை.

ஓட்டுநர் கடைசி வரை கேட்டார். முடிந்த பிறகு, “வருஷத்துக்கு எத்தனை வீடு காலியாகும் சார்?” என்று கேட்டார்.

“மூணு. சில வருஷம் நாலு.”

அவர் கணக்குப் போடுவது தெரிந்தது. உதடு அசைந்தது, நின்றது. விடையை அவர் சொல்லவில்லை. ஐம்பத்திரண்டு வயது அவருக்கு. மனைவியைப் பார்த்தார். “உனக்குத் தெரியுமா?” அக்கா தலையாட்டினார். “எத்தனை நாளா?” அக்கா சரிந்திருந்த ஒரு மூட்டையை நிமிர்த்தி வைத்தார். அவரும் மறுபடி கேட்கவில்லை.

பிறகு ஓட்டுநர் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றினார்.

“அப்போ இதையெல்லாம் அவுக்கணும்” என்றார். “நீங்க வந்தது நல்லதாப் போச்சு சார். இவ ஒருத்தியால ஆகாது. எல்லாம் பஸ் மேல மூட்டை கட்டற முடிச்சு. நானும் கொஞ்சம் ஜாஸ்தியாவே இறுக்கிட்டேன். அந்தச் சாக்கைப் பிடிங்க, ராத்திரிக்குச் சமைக்கப் பாத்திரம் வேணும்.”

வாத்தியார் தரையில் உட்கார்ந்து சாக்கை இழுத்து முதல் முடிச்சைப் பிடித்தார். அசையவில்லை. நகத்தை விட்டு நெம்பிப் பார்த்தார்.

“அப்படி இல்ல சார்” என்றார் ஓட்டுநர். “இந்தப் பக்கமா இழுங்க.”